நாடாளுமன்ற விவாதத்தை அவைக்குறிப்பிலிருந்து படிப்பது எப்படி: குடியுரிமை மசோதாவை முன்வைத்து ஒரு வழிகாட்டி

2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதா 125-க்கு 105 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அந்த அவையில் அப்போது அ.தி.மு.க.வுக்கு 11 உறுப்பினர்கள் இருந்தனர். அவர்கள் மசோதாவை ஆதரித்தனர். ‘அந்தப் பதினொரு பேர் மாற்றி வாக்களித்திருந்தால் மசோதா தோற்றிருக்கும்’ என்ற பேச்சு அதன் பிறகு தமிழ்நாட்டு அரசியல் மேடைகளில் நிலைத்துவிட்டது. இது சரியா என்று கேட்டால் பெரும்பாலோர் தங்கள் கட்சிச் சார்பையே விடையாகச் சொல்வார்கள். விடை காண ஒரு தாளும் பேனாவும், அவையில் பேசியதையும் வாக்களித்ததையும் அப்படியே பதிவு செய்யும் அன்றைய அவைக்குறிப்பும் போதும் என்பதையும், அந்த அவைக்குறிப்பை எப்படித் தேடி எப்படிப் படிப்பது என்பதையும் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

குடியேற்றம், குடியுரிமை, இடஒதுக்கீடு போன்றவற்றில் நடக்கும் விவாதங்கள் தொலைக்காட்சியில் இரண்டு நிமிடத் துண்டுகளாக நம்மிடம் வந்து சேர்கின்றன. துண்டில் இருப்பது உறுப்பினரின் குரல் மட்டுமே. அவர் எந்தத் தீர்மானத்தின் மேல் பேசினார், எந்தத் திருத்தத்தைக் கொடுத்தார், வாக்கெடுப்பு மணி அடித்தபோது எங்கே இருந்தார் என்பவை அதில் இருப்பதில்லை. என் அனுபவத்தில், ஒரு கட்சியின் உண்மையான நிலைப்பாடு உரையில் வெளிப்படுவதைவிட இந்த நடைமுறைகளில்தான் அதிகம் வெளிப்படுகிறது.

முதலில் மசோதா, பிறகு பேச்சு

விவாதத்தைத் திறப்பதற்கு முன் மசோதாவின் மூலப் பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அது கிடைக்கும்; மசோதாக்களை ஆராயும் அமைப்பான பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச்சின் தளத்தில் மசோதாவோடு சுருக்கமும் குழு அறிக்கைகளும் ஒரே இடத்தில் இருப்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு அது எளிது. திருத்த மசோதாக்கள் தனியாகப் படித்தால் புரியாத வகையில்தான் எழுதப்படுகின்றன. ‘இன்ன பிரிவில் இன்ன சொற்களுக்குப் பின் இவற்றைச் சேர்க்க’ என்ற அளவிலேயே நின்றுவிடும். எனவே முதன்மைச் சட்டத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, சேர்க்கப்படும் சொற்களை அந்தந்த இடத்தில் பென்சிலால் எழுதிப் பார்க்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டு மசோதாவை இப்படி 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தோடு சேர்த்துப் படித்தால் இரண்டு செய்திகள் தென்படும். முதலாவது, மசோதாவின் மையம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையில் இருக்கிறது. ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-ஆம் தேதியன்றோ அதற்கு முன்போ வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவ சமயத்தினரில், ஏற்கெனவே மத்திய அரசால் விலக்களிக்கப்பட்டவர்கள் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று அது சொல்கிறது. இயல்புரிமை (நாட்டில் வசித்த காலத்தை வைத்துத் தரப்படும் குடியுரிமை) பெற அவர்கள் இந்தியாவில் வசித்திருக்க வேண்டிய காலத்தைப் பதினொன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் குறைக்கிறது. இரண்டாவது, விவாதம் முழுவதும் ஒலித்த ‘மதத் துன்புறுத்தல்’ என்ற சொல் சட்டப் பிரிவுகளில் இல்லை. மசோதாவின் கடைசியில் இணைக்கப்படும் ‘நோக்கங்களும் காரணங்களும்’ அறிக்கையில்தான் துன்புறுத்தல் பேசப்படுகிறது. அந்த அறிக்கை மசோதாவோடு அச்சாகும். ஆனால் சட்டத்தின் பகுதியாகாது. அமைச்சர் எதை வைத்து வாதிடுகிறார், பிரிவு எதைச் சொல்கிறது என்ற இடைவெளியை அளக்க இந்த ஒப்பீட்டைவிட நல்ல கருவி வேறில்லை.

அதே அறிக்கைக்குப் பின்னால் வரும் மற்றொரு குறிப்பாணையையும் பார்த்துவிடுங்கள். அரசு பின்னாளில் விதிகள் மூலம் தீர்மானித்துக்கொள்ள எவ்வளவு அதிகாரம் ஒப்படைக்கப்படுகிறது என்பதை அது பட்டியலிடும். வறட்சியான ஒரு பக்கம்தான் என்றாலும், பிற்பாடு நடக்கும் பல செய்திகளுக்கு விதை அங்கேதான் கிடக்கும்.

எந்த நாளில் தேடுவது

அவைக்குறிப்புகள் மக்களவை எண், கூட்டத்தொடர் எண், அமர்வு நாள் என்ற வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. குடியுரிமை விவாதத்துக்கு மக்களவையில் 17-ஆவது மக்களவையின் இரண்டாவது கூட்டத்தொடரையும், மாநிலங்களவையில் 250-ஆவது கூட்டத்தொடரையும் திறக்க வேண்டும். இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மக்களவையில் மசோதா நிறைவேறியபோது நள்ளிரவு கடந்துவிட்டதால் செய்திகளில் டிசம்பர் 10 என்று இருக்கும். ஆனால் அமர்வு தொடங்கிய நாள் டிசம்பர் 9 என்பதால் அவைக்குறிப்பு அந்தத் தேதியின் கீழேயே இருக்கிறது. பத்தாம் தேதிக் கோப்பில் ஒரு மாலை முழுவதும் தேடிச் சலித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

கோப்பு கிடைத்ததும் அது திருத்தப்பட்ட பதிப்பா, திருத்தப்படாத பதிப்பா என்று முதல் பக்கத்தில் பாருங்கள். திருத்தப்படாததை மேற்கோள் காட்டினால் அப்படியே குறிப்பிடுவது நாணயம். அவைத்தலைவர் நீக்கச் சொன்ன சொற்கள் அச்சில் இருக்காது; நேரலையில் நீங்கள் கேட்ட ஒரு வாக்கியம் குறிப்பில் இல்லையென்றால், பெரும்பாலும் அதுதான் காரணம். தமிழில் ஆற்றப்பட்ட உரைகளுக்கு நட்சத்திரக் குறியிட்டு, இது ஆங்கில மொழிபெயர்ப்பு என்று எழுதியிருப்பார்கள். அரசியலமைப்பின் 120-ஆவது பிரிவின்படி உறுப்பினர் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் அனுமதிக்கலாம். அப்படிப் பேசிய உரையை மொழிபெயர்ப்பிலிருந்து மீண்டும் தமிழாக்கி மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். காணொலியைக் கேட்டு, அவர் சொன்ன தமிழையே எழுதுங்கள்.

உரைகளில் கவனிக்க வேண்டியவை

ஒரு மசோதா மூன்று கட்டங்களைக் கடக்கிறது: அறிமுகம், பொது விவாதமும் பிரிவு வாரியான பரிசீலனையும், பிறகு நிறைவேற்றம். அறிமுகம் பொதுவாக ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் சடங்கு. அங்கேயே எதிர்ப்பு எழுந்திருந்தால் அதைத் தவறவிடக் கூடாது. ஏனென்றால் அந்தக் கட்டத்தில், இந்த அவைக்கு இப்படியொரு சட்டம் இயற்ற உரிமை உண்டா என்ற அடிப்படைக் கேள்வி எழுப்பப்படும். 2019 டிசம்பர் 9 அன்று அறிமுகத்துக்கே வாக்கெடுப்பு கேட்கப்பட்டு, 293 பேர் ஆதரித்தும் 82 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். சமத்துவம் பற்றிய அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவை ஒட்டிய வாதங்களின் சாரம் அந்தச் சிறு பகுதியிலேயே கிடைத்துவிடுகிறது. பின்னர் பல மணி நேரம் நீண்ட விவாதம் பெரும்பாலும் அதன் விரிவுதான்.

உரைகளைப் படிக்கும்போது கேள்விகளைத் தனியாகவும் பதில்களைத் தனியாகவும் இரண்டு பத்திகளில் எழுதிக்கொள்ளுங்கள். மாநிலங்களவையில் ப. சிதம்பரம், அண்டை நாடுகளில் மூன்றை மட்டும் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், இலங்கையின் இந்துக்களையும் பூட்டானின் கிறித்தவர்களையும் ஏன் விட்டீர்கள் என்ற வகையில் அடுக்கடுக்காகக் கேட்டார். அமைச்சர் அமித் ஷாவின் பதிலுரையில் இலங்கை குறித்து, முன்பு இலங்கைத் தமிழர் லட்சக்கணக்கில் குடியுரிமை பெற்றிருக்கிறார்கள் என்ற வாதம் வருகிறது. இது கேட்ட கேள்விக்கான பதில்தானா என்று பார்க்க வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அமைச்சர் சொன்னது 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழி வந்த மலையகத் தமிழரை, அதாவது இலங்கைத் தோட்டங்களில் வேலைக்குப் போன இந்திய வம்சாவளியினரைப் பற்றியது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக அந்த ஒப்பந்தம் சொன்னது. சிதம்பரத்தின் கேள்வியோ அடக்குமுறைக்கு அஞ்சி வந்தவர்களைப் பற்றியது. தமிழ்நாட்டு வாசகருக்கு அது 1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்து முகாம்களில் வாழ்பவர்களையே நினைவூட்டும். இருவரையும் ‘இலங்கைத் தமிழர்’ என்ற ஒரே சொல் சுட்டுவதால், கேள்வியும் பதிலும் பொருந்திவிட்டதுபோல ஒரு தோற்றம் உண்டாகிறது. இத்தகைய இடங்களை நான் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பேன்.

பழைய விவாதங்களிலிருந்து எதிர்த்தரப்பின் சொற்களை எடுத்து வீசுவது நாடாளுமன்றத்தின் நெடுநாள் பழக்கம். 2019-இல் ஆளும் தரப்பு, 2003 டிசம்பர் 18 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மன்மோகன் சிங், வங்கதேசம் போன்ற நாடுகளில் துன்புறும் சிறுபான்மையினர் தஞ்சம் தேடி வந்தால் அவர்களுக்குக் குடியுரிமை தருவதில் தாராளமாக நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டதை நினைவூட்டியது. மேற்கோள் உண்மையானது. ஆனாலும் 2003-ஆம் ஆண்டு அவைக்குறிப்பைத் திறந்து, அவர் எந்த மசோதாவின் மேல் பேசினார், அதில் எத்தகைய திருத்தம் கேட்டார், அப்போதைய உள்துறை அமைச்சர் அத்வானி என்ன விடை சொன்னார் என்பதையும் வாசித்த பிறகே அந்த மேற்கோள் எவ்வளவு தூரம் தாங்கும் என்று முடிவு செய்ய வேண்டும். ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையே அந்த 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகத்தான் சட்டத்துக்குள் வந்தது என்பதால், அந்த வாசிப்பு வீண்போகாது.

எண்களைப் பொறுத்தவரை உரையை நம்பாமல் குழு அறிக்கைக்குப் போங்கள். 2016-இல் வந்த முந்தைய குடியுரிமை மசோதா நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டு, அதன் அறிக்கை 2019 ஜனவரியில் தாக்கலானது. உடனடியாகப் பயன்பெறக்கூடியவர்கள் 31,313 பேர் என்று உளவுத்துறை அந்தக் குழுவிடம் தெரிவித்திருந்தது. அவர்களில் 25,447 பேர் இந்துக்கள், 5,807 பேர் சீக்கியர், 55 பேர் கிறித்தவர், பௌத்தரும் பார்சிகளும் இருவர் இருவர். அவையில் லட்சங்கள் பேசப்பட்டபோது கையில் இருந்த கணக்கு இது. இரண்டும் முரண் என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. மத அடிப்படையில் துன்புறுத்தப்பட்டதாகச் சொல்லி நீண்டகால விசா பெற்றவர்களின் எண்ணிக்கையே 31,313. விண்ணப்பிக்காமல் வாழ்பவர்கள் அதில் அடங்கமாட்டார்கள். எந்த எண் எதை எண்ணியது என்று கேட்கும் பழக்கம் மட்டும் வேண்டும்.

வாக்கெடுப்பைப் படித்தல்

நிதானமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். அவைத்தலைவர் ‘ஆம்’ என்போரையும் ‘இல்லை’ என்போரையும் கேட்டு ஒலியை வைத்து முடிவு அறிவிப்பது குரல் வாக்கெடுப்பு. அதில் யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவே இருக்காது. உறுப்பினர் எழுந்து ‘டிவிஷன்’, அதாவது எண்ணி எடுக்கும் வாக்கெடுப்பு, கேட்டால்தான் பெயர்ப் பட்டியல் உருவாகும். 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் இந்த இரண்டு வகையும் ஒரே நாளில் நடந்தன. 2016-ஆம் ஆண்டுக் குடியுரிமை மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அதே நாளில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்குப் பத்து விழுக்காடு இடஒதுக்கீடு தரும் அரசியலமைப்புத் திருத்தம் 323-க்கு 3 என்று எண்ணப்பட்டு நிறைவேறியது. அரசியலமைப்பைத் திருத்த 368-ஆவது பிரிவின்படி அவையின் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் ஆதரவு வேண்டும் என்பதால், அங்கே எண்ணாமல் முடிக்க வழியில்லை. ஆகவே அன்றைய இடஒதுக்கீட்டு வாக்கெடுப்பில் ஒவ்வொருவரும் எங்கே நின்றார் என்று சொல்ல முடியும். குடியுரிமை மசோதாவில் அப்படிச் சொல்ல முடியாது. முந்தைய மசோதாவுக்கு இன்னார் வாக்களித்தார் என்று யாராவது உறுதியாகச் சொன்னால், ஆதாரம் எங்கே என்று கேளுங்கள். அந்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறாமல், 16-ஆவது மக்களவை கலைந்ததோடு காலாவதியாகிவிட்டது என்பதும் மறக்கப்படும் செய்தி.

அடுத்தது வெளிநடப்பு. இடஒதுக்கீட்டு மசோதாவைக் கடுமையாக விமர்சித்து மக்களவையில் மு. தம்பிதுரை பேசினார், அவருடைய அ.தி.மு.க. பின்னர் வெளிநடப்பு செய்தது. 37 பேரை அனுப்பியிருந்த ஒரு கட்சியின் எதிர்ப்பு, ‘எதிர்’ என்ற பட்டியலில் ஒரு பெயராகக்கூடப் பதிவாகவில்லை. மாநிலங்களவையில் தி.மு.க.வின் கனிமொழி அதே மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு (மசோதாவை விரிவாக ஆராயும் உறுப்பினர் குழு) அனுப்பத் தீர்மானம் கொடுத்தார். அது தோற்று, மறுநாளான ஜனவரி 9 அன்று மசோதா 165-க்கு 7 என்று நிறைவேறியது. இரண்டு கட்சிகளும் மேடையில் இதே மசோதாவை எதிர்த்ததாகச் சொல்லலாம். பதிவு சொல்வது ஒன்றல்ல. வெளிநடப்பு எதிர்ப்பைக் காட்டும் முறைதான் என்றாலும், மூன்றில் இரண்டு பங்கு கணக்கிடப்படும் இடத்தில், வெளியேறுபவர் வகுக்கப்படும் எண்ணைக் குறைத்து ஆதரவுத் தரப்பின் சுமையையும் சற்றே இறக்கி வைக்கிறார்.

இனி முதலில் எடுத்த கணக்குக்கு வருவோம். 125-இலிருந்து 11-ஐக் கழித்தால் 114. அந்தப் பதினொன்றும் எதிர்ப்பக்கம் சேர்ந்தால் 105 என்பது 116 ஆகும். மசோதா இரண்டு வாக்குகளில் தோற்றிருக்கும். ஆக மேடைப் பேச்சு கணக்களவில் சரி. ஆனால் அதே பதினொரு பேர் வெளிநடப்பு மட்டும் செய்திருந்தால் 114-க்கு 105 என்று மசோதா நிறைவேறியே இருக்கும். இரண்டு நாள் முன்பு மக்களவையில் மசோதாவை ஆதரித்த சிவசேனை மாநிலங்களவையில் வெளிநடப்பு செய்தது. ஆதரிக்கவில்லை என்று சொல்லவும், தோற்கடிக்காமல் இருக்கவும் அந்த ஒரே செயல் உதவும். வெளிநடப்பு என்ற செய்தியைக் கண்டால், அவர்கள் இருந்து எதிர்த்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று உடனே கூட்டிக் கழித்துப் பாருங்கள். மாறியிருக்காது என்றால் அது அடையாள எதிர்ப்பு, மாறியிருக்கும் என்றால் அது வேறு கதை.

அன்று மாநிலங்களவையில் மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் தீர்மானமும் வாக்கெடுப்புக்கு விடப்பட்டு, 99-க்கு 124 என்று தோற்றது. சில செய்திகளில் மசோதாவே 125-க்கு 99 என்று நிறைவேறியதாக வந்த குழப்பம் இந்த இரண்டும் கலந்ததால் நேர்ந்திருக்க வேண்டும். மேலும், திரையில் தெரியும் எண்ணிக்கை திருத்தத்துக்கு உட்பட்டது என்ற வாசகத்தோடுதான் அறிவிக்கப்படும். பொத்தான் வேலை செய்யாதவர்கள் துண்டுச் சீட்டில் வாக்களிப்பார்கள், அவை பின்னர் சேர்க்கப்படும். செய்தித்தாள்களுக்கிடையே ஓரிரு எண்கள் வேறுபட்டால் சதி என்று பொருளில்லை. அவைக்குறிப்பில் அச்சான பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் ஒரு பெயரைக் கண்டதும் அதை அந்த மனிதரின் மனச்சாட்சி என்று படித்துவிடாதீர்கள். 1985-இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலும் வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் பதவி பறிபோகலாம். குடியுரிமை விவாதத்தில் மசோதாவை ஆதரித்துக்கொண்டே இலங்கைத் தமிழரையும் கவனிக்க வேண்டும் என்று அ.தி.மு.க. தரப்பில் பேசப்பட்டதை இந்த வெளிச்சத்தில் வாசிக்கலாம். கோரிக்கை உரையில் நின்றது. வாக்கு மசோதாவோடு போனது. அந்தக் கோரிக்கை திருத்தமாக எழுத்தில் கொடுக்கப்பட்டதா, வாக்கெடுப்புக்கு வலியுறுத்தப்பட்டதா என்று பிரிவு வாரியான பரிசீலனைப் பக்கங்களில் பாருங்கள்.

அவைக்கு வெளியே தொடர்வது

குடியரசுத் தலைவர் 2019 டிசம்பர் 12 அன்று ஒப்புதல் அளித்தார். சட்டம் 2020 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் விதிகள் 2024 மார்ச் 11 அன்றுதான் அறிவிக்கப்பட்டன. நடுவில் நான்கு ஆண்டுகளுக்கு மேல், விதி வகுக்கக் கூடுதல் அவகாசம் தரும்படி அரசு வகுக்கும் விதிகளைக் கண்காணிக்கும் இரு அவைகளின் சார்நிலைச் சட்டமியற்றல் குழுக்களை உள்துறை நாடிக்கொண்டிருந்தது. எனவே உங்கள் கோப்பில் வாக்கெடுப்புக்குப் பின்னும் சில வெற்றுத் தாள்கள் இருக்கட்டும்.

இதற்கு அண்மைய எடுத்துக்காட்டு 2025-ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம். 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு சட்டங்களுக்குப் பதிலாக வந்த அந்த மசோதா, மார்ச் 27 அன்று மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நாடு ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்று அமித் ஷா சொன்னதுதான் தலைப்புச் செய்தியானது. மசோதாவைக் கூட்டுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று அறிமுகத்தின்போதே காங்கிரஸின் மணீஷ் திவாரி கேட்டது அவ்வளவாக நினைவில் இல்லை. செல்லத்தக்க கடவுச்சீட்டோ விசாவோ இன்றி நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தபோது, உடன் வந்த விலக்கு ஆணை ஒன்றில், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் அந்தத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர்.

மண்டபத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ முகாமில் வாழும் ஒரு குடும்பத்துக்கு ஆறு ஆண்டு விவாதங்களில் கிடைத்தவற்றுள் கையில் பிடிக்கத்தக்கது அந்த ஆணைதான். அது அவையில் வாக்கெடுப்புக்கு வந்ததல்ல, அரசிதழில் வந்தது. அதில் சொல்லியிருப்பது தண்டனையிலிருந்து விலக்கு. குடியுரிமை பற்றிய சொல் அதில் இல்லை. இதுபோன்ற ஆணைகளையும் விதிகளையும் தேட இரண்டு இடங்கள் உண்டு: உள்துறையின் அரசிதழ் அறிவிக்கைகள், ஒவ்வொரு நாள் அலுவல் பட்டியலிலும் ‘மேசையில் வைக்கப்படும் தாள்கள்’ என்ற தலைப்பு. மக்களவையில் கேள்வி நேரம் முடிந்ததும் அமைச்சர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து அந்தத் தாள்களை வைப்பார்கள்; பெரும்பாலான உறுப்பினர்கள் அப்போது வாசலை நோக்கி நடந்துகொண்டிருப்பார்கள்.